ஹேடனின் வழியில் ஒரு பூங்கா எட்சிங்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

பூச்சிட்ட உலோகத் தகட்டில் ஊசியால் வரைந்த கோடுகளை அமிலத்தால் அரித்து, அவற்றில் மையிட்டுக் காகிதத்தில் அச்சிடும் கலையே எட்சிங். லண்டனில் அறுவை மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே எட்சிங் வரைந்தவர் பிரான்சிஸ் சீமோர் ஹேடன் (1818–1910). 1859இல் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவைச் சிறிய தகடொன்றில் வரைந்த அவர், அடுத்த ஆண்டு அதே பூங்காவைப் பெரிய தகட்டிலும் வரைந்தார். அவருடைய மைத்துனரான ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரும் 1859இல் கிரீனிச் பூங்காவை எட்சிங்காக்கினார். காட்சியின் எதிரில் அமர்ந்து நேரடியாகத் தகட்டில் வரைவதையே ஹேடன் வலியுறுத்தினார். தகட்டை அமிலத்தில் கிடத்தியபடியே வரையும் முறை ஒன்றையும் அவர் கையாண்டார்: மிகக் கருமையாக வரவேண்டிய கோடுகளை முதலிலும், மெல்லிய கோடுகளை இறுதியிலும் இடுவார். எட்சிங்கில் கோட்டின் கருமையைத் தீர்மானிப்பது கையின் அழுத்தம் அன்று, கரைசலில் அக்கோடு கிடந்த நேரமே என்பதை இந்த வரிசை நன்கு உணர்த்துவதால், அதையே சற்றுப் பாதுகாப்பான வடிவில் இங்கே பின்பற்றுவோம்.

தகட்டை ஆயத்தம் செய்தல்

உள்ளங்கையளவு செப்புத் தகடு போதும். அச்சிடும்போது காகிதம் கிழியாதிருக்க, அதன் நான்கு விளிம்புகளையும் அரத்தால் சரிவாக ராவி, பரப்பை எண்ணெய்ப் பிசுக்கு நீங்கத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. பின்னர் தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த எட்சிங் பூச்சை மெல்லியதாகப் பரப்பி உலரவிட்டு, தகட்டின் பின்புறத்தைப் பிளாஸ்டிக் ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்.

வரைதலும் அரித்தலும்

இவ்விரண்டையும் தனித்தனி வேலைகளாக எண்ணாதீர்கள். பூங்காவில் அமர்ந்ததும் காட்சியை அண்மை, இடைநிலை, தொலைவு என மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அருகிலுள்ள மரத்தின் அடிப்பகுதி, வேர்கள், நிழல் ஆகியவற்றை மட்டும் முதலில் ஊசியால் வரையுங்கள். செம்பைத் தோண்ட வேண்டியதில்லை, பூச்சு விலகி உலோகம் தெரிந்தால் போதும். கரிய பூச்சின்மீது கோடு பளிச்சென்று தெரியும், அச்சில் அது கருமையாக மாறும், இடமும் வலமும் புரண்டு வரும். ஹேடன் காலத்து அமிலங்களை வீட்டில் கையாள்வது ஆபத்தானது. மின்னணுச் சுற்றுப் பலகைகளை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு கரைசலே நமக்கு ஏற்றது. அது கரும்பழுப்பாக இருப்பதால் அதனுள் வைத்து வரைய இயலாது. ஆகவே ஒவ்வொரு கட்டமாக வரைந்து, அரித்து, கழுவித் தொடர வேண்டும்.

பிளாஸ்டிக் தட்டில் கரைசலை ஊற்றி, வரைந்த பக்கம் கீழ்நோக்கியிருக்குமாறு சிறு தாங்கிகளின்மேல் தகட்டை வையுங்கள். இல்லையேல் அரிப்பின் வண்டல் கோடுகளிலேயே படிந்துவிடும். எடுத்துக்காட்டாக, முதற்கட்டத்தை 30 நிமிடம் அரித்து, நீரில் கழுவி உலர்த்தி, இடைநிலை மரங்களையும் பாதைகளையும் வரைந்து மேலும் 20 நிமிடம் அரியுங்கள். இறுதியாகத் தொலைவிலுள்ள மரவரிசையை வரைந்து 10 நிமிடம். இவ்வாறு செய்தால் முன்புறக் கோடுகள் 60 நிமிடமும், இடைக்கோடுகள் 30 நிமிடமும், தொலைக்கோடுகள் 10 நிமிடமும் அரிக்கப்பட்டிருக்கும். கரைசலின் வலிமையும் வெப்பமும் நேரத்தை மாற்றுமாதலால், முதலில் ஒரு துண்டுத் தகட்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். துத்தநாகத் தகட்டை இக்கரைசலில் இடவே கூடாது.

ஒவ்வோர் இலையையும் வரையத் துணிவதுதான் தொடக்கநிலையாளரின் பெரிய இடர். இலைத்தொகுதியின் வெளிவிளிம்பையும் நிழற்பக்கத்தையும் வளைகோடுகளால் உணர்த்திவிட்டு, வெயில் பட்ட பக்கத்தைக் காகிதத்தின் வெண்மைக்கே விட்டுவிடுங்கள். வானத்தைப் பெரும்பாலும் தொடாமல் விடுவதே என் பரிந்துரை.

அச்சிடுதல்

பூச்சை டர்பன்டைனால் நீக்கி, தகட்டைச் சற்றே சூடாக்கி, மையைக் கோடுகளுக்குள் அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பிலுள்ளதைக் கஞ்சிபோட்ட வலைத்துணியால் வட்டமாகத் துடையுங்கள். முன்கூட்டியே நனைத்து ஈரம் ஒற்றியெடுத்த பருத்திக் காகிதத்தைத் தகட்டின்மேல் இட்டு, கம்பளம் போர்த்தி, உருளை அழுத்தப் பொறியில் ஒருமுறை ஓட்ட வேண்டும். பொறியை விலைகொடுத்து வாங்குவதைவிட, அச்சோவியப் பிரிவுள்ள ஓவியக் கல்லூரியை அணுகுவதே எளிது.

முதல் அச்சுப்படியைப் பார்த்ததும், முன்புற நிழல் வெளிறியிருந்தால் அவ்விடத்தில் ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறுங்கள். இதற்கு டிரைபாயிண்ட் என்று பெயர். கீறலின் ஓரத்தில் எழும் உலோகப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் போன்ற கருமையைத் தரும். ஹேடன் இதை விரும்பிப் பயன்படுத்தினார். அழுத்தத்தில் பிசிறு விரைவில் தேய்ந்துவிடுமாதலால், நல்ல காகிதத்தை முதற்சில படிகளுக்கே ஒதுக்குங்கள். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அதைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றாமல் மூடிய பிளாஸ்டிக் கலனில் சேர்த்து, வேதிக்கழிவுகளை ஏற்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.