சுட வைத்தால் சரியாகிவிடுமா?

மதியம் ஒரு மணிக்கு வைத்த சோறு. சாப்பிட்டது போக மீதி குக்கரிலேயே மூடிக் கிடக்கிறது. ராத்திரி எட்டரைக்குத் திறந்து முகர்ந்து பார்த்தால் ஊசின வாடை இல்லை. சரி என்று இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அடுப்பைக் கூட்டி வைத்து எக் ரைஸ் பண்ணிவிடுகிறோம். பத்தரைக்கு வாந்தி வந்தால் பழி முட்டை மேல் விழும். சோற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வரும். விதை போல உறங்கிக் கிடக்கும் அதன் வித்துகள் உலை கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பானதும் அவை முளைத்துப் பெருகும். பெருகும்போதே ஒரு நச்சையும் விட்டுவைக்கும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது. நம் வாணலி எம்மாத்திரம்? அதற்கென்று ஒரு வாடையும் கிடையாது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குமட்டல் ஆரம்பிக்கும்.

ஆகவே கவனிக்க வேண்டியது மறுபடி எவ்வளவு சூடு பண்ணினோம் என்பதை அல்ல, இடையில் எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்பதைத்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வசதியான சூட்டில் சில வகை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்: ஒன்று நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும், எட்டு மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

குக்கர் சோறு மேலே ஆறியது போலத் தெரியும். கரண்டியை நடுவில் விட்டுப் பாருங்கள், ரொம்ப நேரம் கழித்தும் இளஞ்சூடாக இருக்கும். அகலத் தட்டில் பரப்பி, ஃபேன் காற்றில் ஆற வைத்து, சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். 'லேசாகச் சூடு இருந்தாலும் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும்' என்று ராத்திரி வரை காத்திருப்பதில் ஃபிரிட்ஜ் பிழைக்கும், வயிறு பிழைக்காது.

அப்போ பழைய சோறு? அது வேறு கதை. தண்ணீர் ஊற்றி வைப்பதால் அதில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து புளிப்பேறுகிறது. புளிப்பு ஏற ஏற மற்றதுகளுக்கு இடம் குறைகிறது. சும்மா மூடி வைத்த சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. புளிக்குழம்பு தாங்குவதும் பருப்பு சாம்பார் சீக்கிரம் ஊசிப்போவதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

தேங்காய்ச் சட்னியில் இன்னொரு ஆபத்து நம் கைதான். விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா சட்னிக்குள் போகும். அது விடும் நச்சும் சூட்டுக்கு மசியாது. காயத்தை மூடாமல் தேங்காய் துருவ வேண்டாம், மிஞ்சிய சட்னியைச் சாயங்காலம் வரை மேஜையில் வைக்கவும் வேண்டாம்.

கோழிக்கறியில் நிலைமை தலைகீழ். அதிலுள்ள சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் எல்லாம் கறி நன்றாக வெந்தால் செத்துவிடும். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் போதும். வம்பு கழுவும்போது வருகிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தெறிக்கும் துளி பக்கத்திலிருக்கும் டம்ளர், கொத்தமல்லி, தயிர்ப்பச்சடிக்கு நறுக்கிய வெங்காயம் வரை போகும். கோழி வேகும், வெங்காயம் வேகாது.

பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் கோழியைக் கழுவவே கழுவாதீர்கள் என்று பிரசாரமே செய்தது. நம் கறிக்கடையிலிருந்து ரத்தமும் இறகு முனையுமாக வருவதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் சிங்க்கைக் காலி செய்யுங்கள். பச்சடிக்கு வேண்டியதை முன்னாடியே நறுக்கி மூடி வையுங்கள். அப்புறம் கறியைப் பாத்திரத் தண்ணீரில் அமுக்கி அலசி, தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றுங்கள். முடிந்ததும் சிங்க், குழாய்த் திருகு, கத்தி, பலகை, கை எல்லாவற்றுக்கும் சோப்பு. திருகைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.