பழைய ஸ்கேனரை லார்ஜ் ஃபார்மட் கேமராவாக மாற்றுவது எப்படி?

முழு ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 × 24 மி.மீ. ஒரு சாதாரண ஏ4 ஸ்கேனர் படிக்கும் பரப்பு 216 × 297 மி.மீ. அதாவது 70 மடங்குக்கும் மேல். லார்ஜ் ஃபார்மட் எனப்படும் பெரிய ஃபிலிம் கேமராக்களின் 8 × 10 அங்குல ஃபிலிமே இதைவிடச் சிறியதுதான். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3.5 கோடி பிக்சல் கிடைக்கும். முன்னால் ஒரு பெட்டியும் லென்ஸும் வைத்துவிட்டால் கேமரா தயார்.

ஒரே சிக்கல், இது வரி வரியாகத்தான் படிக்கும். ஒரு படத்துக்கு அரை நிமிடமோ சில நிமிடங்களோ ஆகும். கட்டடம், மரம், மேஜைமேல் வைத்த பொருள்கள், அசையாமல் உட்காரத் தெரிந்த நண்பர் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

எந்த ஸ்கேனர்?

சிஐஎஸ் (கான்டாக்ட் இமேஜ் சென்சார்) வகை மட்டும். சிசிடி வகையில் கண்ணாடிகளும் ஒரு குட்டி லென்ஸும் சேர்ந்து பக்கத்தின் பிம்பத்தைச் சுருக்கி ஒரு சிறிய சென்சாரில் விழவைக்கும். அதைக் கேமராவாக்குவது வேறு கதை, ஆரம்பிப்பவர்களுக்கு வேண்டாம். சிஐஎஸ் ஸ்கேனரில் சென்சாரே பக்கத்தின் அகலத்துக்கு இருக்கும். அடையாளம் காண்பது சுலபம்: ஒல்லியாக இருக்கும், தனி மின் அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பி கேபிளிலேயே ஓடும், கண்ணாடியிலிருந்து சில மி.மீ. தூக்கி வைத்த எதுவும் மங்கலாக வரும்.

என் தேர்வு கேனான் லைடு வரிசை. அதிலும் லினக்ஸில் சேன் என்ற ஸ்கேனர் மென்பொருளின் ஜெனிசிஸ் டிரைவரில் ஓடும் மாடல்கள். லைடு 110, 210 போன்றவை. காரணம் கீழே வரும். பிரிண்டரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன்களை நான் தொடுவதில்லை. உள்ளே கைவைக்கவே இடம் இருக்காது.

முதலில் காலிபிரேஷன், அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர்

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, படம் முழுக்கக் கோடு கோடாக வருகிறது என்று தவிக்கிறார்கள். ஸ்கேனருக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதே தெரியாது. தன்னுடைய எல்ஈடி வெளிச்சம்தான் அதற்கு எல்லாம். ஸ்கேன் தொடங்கும் முன் ஹெட் (சென்சாரும் எல்ஈடியும் உள்ள, நகரும் பட்டை) ஓரமாகப் போய், மேல்மூடிச் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் வெள்ளைப் பட்டையைப் பார்க்கும். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சம் காட்டுகிறது என்று கணக்கிட்டு, குறைவாகக் காட்டுவதை ஏற்றி, அதிகம் காட்டுவதை இறக்கி வைத்துக்கொள்ளும். இதுதான் காலிபிரேஷன். வெளி வெளிச்சத்தில் படம் எடுப்பதற்காக நாம் எல்ஈடியை மூடிவிட்டால் அந்தப் பட்டை இருட்டாகத் தெரியும். எல்லாப் பிக்சலையும் கண்டபடி ஏற்றிவிடும். விளைவு, ஹெட் நகரும் திசையில் நீளநீளமான கோடுகள். சில மென்பொருள்கள் பிழை என்று சொல்லி ஸ்கேனையே நிறுத்திவிடும்.

ஜெனிசிஸ் டிரைவர் காலிபிரேஷன் கணக்கைக் கோப்பாகச் சேமித்து வைக்கும். அது எத்தனை நிமிடம் செல்லும் என்பதை 'எக்ஸ்பிரேஷன் டைம்' என்ற அமைப்பு முடிவு செய்யும். அதில் எதிர்ம எண் கொடுத்தால், −1 போதும், எப்போதும் காலாவதி ஆகாது. எனவே ஸ்கேனரைத் திறப்பதற்கு முன்பே, அது நல்லபடியாக இருக்கும்போதே, கிரே (கறுப்பு வெள்ளை) மோடில் 150, 300, 600 டிபிஐ என்று நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு அளவிலும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அந்தக் கோப்பை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். இது தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

ஏன் கிரே மோடு? சிஐஎஸ் சென்சாருக்கு நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீல எல்ஈடிகளை மாற்றி மாற்றி எரியவிட்டுத்தான் வண்ணப் படம் உருவாக்குகிறது. எல்ஈடி இல்லாவிட்டால் கலர் மோடில் மூன்று தடவை அதே கறுப்பு வெள்ளையை எடுக்கும். வீண் நேரம்.

ஹெட்டைத் திறப்பது

யூஎஸ்பியைக் கழற்றுங்கள். மேல் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கினால், குறுக்கே ஒரு நீளமான கறுப்புப் பட்டை தெரியும். அதுதான் ஹெட். அதை அதன் வண்டியிலிருந்து விடுவித்து, பட்டை கேபிளை மெதுவாக உருவுங்கள்.

ஹெட்டுக்குள் நமக்கு வேண்டியவை மூன்று: பக்கவாட்டில் ஓடும், எல்ஈடி வெளிச்சத்தைக் கடத்தும் ஒளிபுகு பிளாஸ்டிக் தண்டு, நடுவில் நுண்ணிய கண்ணாடிக் குச்சிகளை அடுக்கிச் செய்த ராட் லென்ஸ் வரிசை, அடியில் சென்சார் பலகை. ராட் லென்ஸ் நேர் எதிரில் உள்ளதை மட்டுமே பார்க்கும். அதை விட்டுவைத்தால் படத்தின் நடுவில் ஒரு வெளிச்சத் திட்டும் சுற்றிலும் இருட்டும்தான் கிடைக்கும். அதை எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் அடியிலுள்ள சென்சார் பலகையைக் கழற்றித் தூசி படாத டப்பாவில் மூடி வையுங்கள். சென்சார் சில்லுகளைப் பலகையோடு இணைக்கும் கம்பிகள் முடியைவிட மெல்லியவை. விரலோ பஞ்சோ பட்டால் முடிந்தது. ஊதிக்கூடத் துடைக்க வேண்டாம், எச்சில் தெறிக்கும். பலகை பத்திரமானதும் ராட் லென்ஸைச் சுற்றியுள்ள பசையைக் கத்தி முனையால் வெட்டி வெளியே எடுங்கள். ஒளித் தண்டையும் எடுத்துவிடுங்கள். எல்ஈடி வயரை வெட்டாதீர்கள், கறுப்பு டேப்பை இரண்டு சுற்று ஒட்டினால் போதும்.

இனித்தான் பலரும் கவனிக்காத இடம். ராட் லென்ஸ் இருந்த இடத்தில் இப்போது ஒரு குறுகிய பள்ளம், அதன் அடியில் சென்சார். ஹெட் பெட்டியின் ஓரத்துக்குப் போகும்போது லென்ஸ் வெளிச்சம் சாய்வாக வரும், பள்ளத்தின் சுவர் அதை மறைக்கும். கணக்கு எளிது: லென்ஸ் 300 மி.மீ. தூரத்தில், ஹெட் நடுவிலிருந்து 150 மி.மீ. தள்ளி. சரிவு இரண்டுக்கு ஒன்று. பள்ளம் 10 மி.மீ. ஆழம் என்றால், ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. திறந்திருக்க வேண்டும். அந்த அளவுக்குப் பிளாஸ்டிக்கை அரத்தால் ராவி, சரிவாக்கி, மேட் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள். தூளை முழுக்கக் கழுவிக் காயவைத்த பிறகே சென்சாரைத் திரும்ப மாட்டுங்கள்.

ராவ மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஒளித் தண்டை விட்டுவைத்து, ஜெனிசிஸில் 'லேம்ப் ஆஃப் ஸ்கேன்' அமைப்பைப் போடலாம். காலிபிரேஷனுக்கு மட்டும் விளக்கு எரியும், ஸ்கேனில் அணைந்திருக்கும். இந்த வழியில் எல்ஈடிமேல் டேப் ஒட்டக்கூடாது. ஆனால் தண்டு இருக்கும் பக்கம் படத்தில் நிழல் விழும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும்.

மேல் கண்ணாடியைத் தூக்கிப் போட ஆசை வரும். வேண்டாம். ஹெட் ஸ்பிரிங்கால் மேலே தள்ளப்பட்டு, கண்ணாடியின் அடிப்பரப்பில் உரசிக்கொண்டுதான் நேராக ஓடுகிறது.

பெட்டியும் லென்ஸும்

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பெட்டிகள், உள்ளே மேட் கறுப்பு. பின்பெட்டியில் ஸ்கேனர், முன்பெட்டியில் லென்ஸ். ஸ்கேனர் ஓரங்களில் வெளிச்சம் கசியாமல் டேப் ஒட்டுங்கள்.

லென்ஸுக்குப் பணம் கொட்டாதீர்கள். முழுப் பரப்பையும் மூட, லென்ஸ் விழவைக்கும் பிம்ப வட்டம் 367 மி.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரண கேமரா லென்ஸ்கள் பக்கத்தில்கூட வராது. பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டரின் லென்ஸ் கிடைத்தால் பிரமாதம். இல்லாவிட்டால் +3 பவர் மூக்குக்கண்ணாடி லென்ஸ் ஒன்று போதும், குவியத் தூரம் 333 மி.மீ. குழிந்த பக்கம் காட்சியை நோக்கி இருக்கட்டும், அதற்குச் சற்று முன்னால் துளையிட்ட அட்டை. ஆங்கிலேய விஞ்ஞானி வொலாஸ்டன் 1812இல் சொன்ன அமைப்பு இதுதான். 15 மி.மீ. துளை ஏறக்குறைய எஃப்/22, அதாவது குவியத் தூரத்தில் 22இல் ஒரு பங்கு. ஷட்டர் கிடையாது என்பதால் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது இந்தத் துளைதான். வேறு வேறு அளவில் நான்கைந்து அட்டை வெட்டி வையுங்கள்.

ஃபோகஸ்

கண்ணாடிமேல் டிரேசிங் பேப்பர் ஒட்டி ஃபோகஸ் பார்த்தால் ஏமாற்றும். சென்சார் அதற்கும் கீழே இருக்கிறது. உதாரணமாக, குவியத் தூரம் 300 மி.மீ. உள்ள லென்ஸுக்கு, தொலைவிலுள்ள பொருள் 300இலும், 3 மீட்டரிலுள்ளது 333இலும், 2 மீட்டரிலுள்ளது 353இலும் குவியும். இந்தத் தூரங்களை லென்ஸிலிருந்து சென்சார்வரை அளந்து முன்பெட்டியில் பென்சிலால் குறியுங்கள். பிறகு சில புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக நிறுத்தி, 150 டிபிஐயில் ஒரு துண்டு மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். எந்த முதுகு எழுத்து கூர்மையோ, அங்கேதான் ஃபோகஸ். குறிகளை அதற்கேற்பத் திருத்துங்கள்.

படம் எடுப்பது

படம் 180 டிகிரி திரும்பி வரும். சுழற்றினால் போதும், இடவல மாற்றம் தேவையில்லை. 16 பிட்டில் சேமியுங்கள். ஒரே அமர்வில் கூடுதலாக இரண்டு ஸ்கேன் எடுங்கள்: ஒன்று லென்ஸை மூடி, இன்னொன்று லென்ஸ்மேல் வெள்ளை டிரேசிங் பேப்பர் வைத்து. முதலாவதைப் படத்திலிருந்தும் வெள்ளை ஸ்கேனிலிருந்தும் கழித்து, பிறகு படத்தை வெள்ளை ஸ்கேனால் வகுத்தால், மிச்சமிருக்கும் கோடுகளும் ஓர இருட்டும் பெருமளவு போய்விடும். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் லேயர் மோடுகளாகவே கழித்தலும் வகுத்தலும் இருக்கின்றன.

மின்விளக்கில் எடுத்தால் சம இடைவெளியில் பட்டைகள் விழலாம், விளக்கு துடிப்பது அப்படியே பதிவாகும். வெயில்தான் நல்லது.

பின்னர் சேர்த்தது

இதைப் பார்த்துச் செய்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்கள். "இலைகள் எல்லாம் வெள்ளையாக வருகிறது, படமும் கொஞ்சம் மங்கல்." கோளாறு இல்லை. எல்ஈடியில் அகச்சிவப்பு இல்லாததால் ஸ்கேனர் செய்பவர்கள் அதைத் தடுக்கும் வடிகட்டி போடுவதில்லை. சூரிய ஒளியில் அது நிறையவே உண்டு, இலைகள் அதை அள்ளித் திருப்பி அனுப்பும். ஒற்றை லென்ஸில் அகச்சிவப்பு வேறு தூரத்தில் குவிவதால்தான் மங்கல். லென்ஸ் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஐஆர் கட் ஃபில்டர் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில் மூன்று படம் எடுத்து வண்ணப் படம் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயம், அந்த வண்ணத் தாள்கள் அகச்சிவப்பை அப்படியே விட்டுவிடும்.

இரண்டாவது, ஸ்கேனரை நிமிர்த்தி வைத்தால் ஹெட் திணறுகிறது என்பது. ஹெட் மேலும் கீழுமாக ஏறி இறங்காமல், இடமிருந்து வலமாக ஓடும்படி படுக்கைவாட்டில் வைத்துப் பாருங்கள். அப்படியும் திணறினால் ஹெட் ஓடும் தண்டில் துளி கிரீஸ் தடவுங்கள். நெட்டுவாக்குப் படம் வேண்டுமென்றால் நடுப்பகுதியை மட்டும் ஸ்கேன் செய்து வெட்டிக்கொள்ளலாம்.