ஞாயிறு ஓய்வுக்குச் சனிக்கிழமையே வேலை

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவரிடம், ஞாயிறு ஆராதனைக்கும் ஓய்வுக்குமான நாள் என்றால் சிரிப்பார். பறித்த பச்சைத் தேயிலை அன்றைக்கே ஃபாக்டரிக்குப் போயாக வேண்டும் என்பதால், ஞாயிறன்று பறிப்பே விழாதபடி வாரச் சுற்றை முதலில் மாற்றிப் போடுங்கள். அப்புறம் சமையல். வேதத்தில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தில், வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவை இஸ்ரவேலர் மறுநாள் ஓய்வுக்காக ஆறாம் நாளே இரட்டிப்பாகச் சேர்த்தார்களே, அதே மாதிரி சனிக்கிழமையே குழம்பு வைத்து, விறகையும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். இந்தக் குளிரில் குழம்பு கெடாது, மாவுதான் புளிக்க அடம்பிடிக்கும், அதை மதியமே அரைத்து அடுப்போரம் வையுங்கள்.

ஆராதனை முடிந்து வந்ததும் போனை அணையுங்கள். வீட்டில் எல்லோரும் கொஞ்சம் வேதம் வாசித்துவிட்டுத் தூங்கினாலும் சரி, அது பாவமில்லை.

ஊட்டியில் டாக்சி ஓட்டுபவர்களுக்கு ஏப்ரல், மே சீசனில் இது நடக்காது. காலை ஆராதனையை மட்டும் விடாமல், ஓய்வை வாரநாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.