இன்குபேட்டர்ல ஈரப்பதம்: மீட்டரை மட்டும் பார்த்தா பத்தாது, முட்டையையும் பாருங்க

கோழி முட்டை பொரிக்க புதுசா இன்குபேட்டர் வாங்குனவங்க எல்லாரும் டெம்பரேச்சரையேதான் உத்து உத்துப் பார்ப்பாங்க. ஃபேன் வச்ச மெஷின்னா 37.5 டிகிரி செல்சியஸ், அதை செட் பண்ணிட்டா மெஷினே பார்த்துக்கும், அதோட பெரிசா வேலை இல்ல. ஆனா 21 நாள் கழிச்சு ஓட்டை உடைச்சுப் பார்த்தா முழுசா வளர்ந்த குஞ்சு உள்ளயே செத்துக் கிடக்கும் பாருங்க, அதுக்கு நிறைய தடவை காரணம் ஈரப்பதம்தான்.

முட்டை ஓட்டுல கண்ணுக்குத் தெரியாத துளை ஆயிரக்கணக்குல இருக்கு. அது வழியா உள்ள இருக்கிற தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி வெளிய போகும், போன இடத்துல முட்டையோட அகலமான முனைல காத்தறை பெரிசாகிட்டே வரும். குஞ்சு நுரையீரலால இழுக்கிற முதல் மூச்சு அந்தக் காத்தறைல இருந்துதான். ரொம்ப ஈரமா வச்சா காத்தறை சின்னதாவே நின்னுடும், ரொம்ப காய விட்டா உள்சவ்வு தோல் மாதிரி இறுகி குஞ்சைத் திரும்பவே விடாது.

ஸ்டெப் 1: ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டுற மீட்டர்) உண்மை பேசுதான்னு பாருங்க

விலை கம்மியான மீட்டர் 5, 10 சதவீதம் தப்பா காட்டுறது சகஜம். ஒரு பாட்டில் மூடில சாதா உப்பு எடுத்து, சொட்டு சொட்டா தண்ணி விட்டு ஈர மணல் பதத்துக்குக் கொண்டு வாங்க, கரைஞ்சு தண்ணியா ஓடக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காத்துப் போகாத ஜிப் கவர்ல வச்சு மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க. காலைல 75 காட்டணும். 70 காட்டுச்சுன்னா உங்க மீட்டர் 5 கம்மியா காட்டுது, அதை மனசுல வச்சு கூட்டிக்குங்க, தூக்கிப் போட வேண்டாம்.

ஸ்டெப் 2: முட்டை வைக்காம ஒரு நாள் ஓட்டுங்க

மெஷினுக்குள்ள இருக்கிற தொட்டில தண்ணி ஊத்தி, ஈரப்பதம் எவ்ளோல நிக்குதுன்னு பாருங்க. தண்ணியோட ஆழத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சம்பந்தம் இல்ல, காத்து படுற மேற்பரப்பு எவ்ளோங்கிறதுதான் கணக்கு. அதனால ஈரம் பத்தலைன்னா அதே தொட்டில இன்னும் ஊத்திப் பிரயோஜனம் இல்ல, அகலமான தொட்டி வைங்க இல்ல ஒரு ஸ்பான்ஜ் பாதி வெளிய தெரியுற மாதிரி போடுங்க. ஈரத்தைப் பிடிச்சு வைக்கிறேன்னு மெஷினோட காத்து ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க, உள்ள வளர்ற குஞ்சுக்கு ஆக்சிஜன் வேணும்.

இங்க ஒரு விஷயம். "நான் தொட்டில பாதி தண்ணிதான் ஊத்துவேன், எல்லாமே பொரிஞ்சுடும்"னு ஒருத்தர் சொன்னா அது அவர் ரூமுக்கு சரி, உங்க ரூமுக்கு சரியா வரணும்னு இல்ல. ரூம் 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னு வைங்க, அதே காத்தை 37.5க்கு சூடு பண்ணா 30 சதவீதத்துக்கு இறங்கிடும், தண்ணி கண்டிப்பா வேணும். ரூம் 30 டிகிரி, 80 சதவீதம்னா தண்ணியே ஊத்தாமலே உள்ள 50க்கு மேல நிக்கும். அதனாலதான் மழை நாள்ல தொட்டியை முழுசா காலி பண்ண வேண்டி வருது.

ஸ்டெப் 3: முதல் 18 நாள்

45ல இருந்து 55 சதவீதம் ஆரம்பிக்கிறவங்களுக்கு நல்ல இலக்கு. தண்ணி ஊத்தினதும் 60 போச்சு, திறந்ததும் 35க்கு இறங்குச்சுன்னு பதற வேண்டாம், மொத்த நாளோட சராசரிதான் முக்கியம். ஊத்துற தண்ணி வெதுவெதுப்பா இருக்கட்டும், ஜில்லுன்னு ஊத்தினா டெம்பரேச்சர் இறங்கும்.

ஸ்டெப் 4: முட்டையை எடை போடுங்க

என்னைக் கேட்டா இதுதான் மொத்த வேலையில முக்கியமானது, ஆனா ரொம்ப பேர் பண்றதே இல்ல. 18 நாள்ல முட்டை தன்னோட எடையில சுமார் 12, 13 சதவீதம் குறைஞ்சிருக்கணும். வைக்கிற அன்னைக்கே பென்சில்ல ஒவ்வொரு முட்டை மேலயும் எடையை எழுதிடுங்க, சமையலறை டிஜிட்டல் தராசு போதும். 60 கிராம் முட்டைன்னா 7வது நாள் 57 கிராம், 14வது நாள் 54, 18வது நாள் 52 கிட்ட வரணும். 14வது நாள்ல 56 இருக்குன்னா தண்ணி போக வேண்டிய அளவு போகலன்னு அர்த்தம், தொட்டியை காலி பண்ணுங்க. 52க்கே வந்துடுச்சுன்னா மேற்பரப்பைக் கூட்டுங்க. கிராமுக்குக் கீழ காட்டாத தராசுன்னா எல்லா முட்டையும் சேர்த்து ஒண்ணா போட்டு சராசரி எடுங்க, ஆனா கூமுட்டைன்னு தெரிஞ்சு வெளிய எடுத்ததை பழைய கணக்குல இருந்தும் கழிக்கணும், இல்லன்னா மொத்த கணக்கும் தப்பாயிடும்.

தராசு இல்லையா, இருட்டு ரூம்ல டார்ச்சை அகலமான முனைல வச்சு காத்தறை எல்லையை பென்சில்ல கோடு போடுங்க. 7, 14, 18னு மூணு கோடு, ஒவ்வொண்ணும் கீழ இறங்கிட்டே வரணும்.

ஸ்டெப் 5: 18வது நாள், லாக்டவுன்

பொரியுற வரைக்கும் மூடியைத் திறக்காம விடுற கடைசி நாட்களைத்தான் லாக்டவுன்னு சொல்றாங்க. இதுவரைக்கும் முட்டையைத் திருப்பிட்டு இருந்ததை நிறுத்திடுங்க, ஈரப்பதத்தை 65ல இருந்து 70க்கு ஏத்துங்க. இதுக்கு மேல மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு குஞ்சு ஓட்டுல ஓட்டை போட்டுட்ட நேரத்துல நீங்க மூடியைத் திறந்தா ஈரம் சட்டுன்னு இறங்கி அந்த ஓரத்துல சவ்வு காஞ்சு குஞ்சோட ஒட்டிக்கும், அப்புறம் அதால சுத்தி உடைக்க முடியாது. தண்ணி ஊத்தணும்னா காத்து ஓட்டை வழியா ஒரு சின்ன டியூப் விட்டு ஊத்துங்க, டியூபை லாக்டவுனுக்கு முன்னாடியே மாட்டி வச்சுட்டா நிம்மதி.

முதல் விரிசலுக்கும் குஞ்சு வெளிய வர்றதுக்கும் நடுவுல 24 மணி நேரம் ஆனாக்கூட அது நார்மல்தான். கத்துதே பாவம்னு கை வைக்காதீங்க. ஒண்ணு ரெண்டு பொரிஞ்சதும் ஈரக் குஞ்சாலயே மீட்டர் 80 வரைக்கும் ஏறும், அதைக் குறைக்கணும்னு ஒண்ணும் பண்ண வேண்டாம், கண்ணாடில தண்ணி வழியுற அளவு போனா மட்டும் காத்து ஓட்டையை இன்னும் கொஞ்சம் திறந்து விடுங்க. பொரிஞ்ச குஞ்சு உள்ளயே காய்ஞ்சு பஞ்சு மாதிரி ஆகட்டும், வயித்துக்குள்ள இழுத்துக்கிட்ட மஞ்சக் கரு இருக்கிறதால ஒரு நாள் வரைக்கும் தீனி தண்ணி இல்லாம தாங்கும்.

பொரியாததை உடைச்சுப் பாருங்க

23வது நாளும் அசைவே இல்லாததை எடுத்து உடைங்க. காத்தறை சின்னதா, குஞ்சு ஊதி, சுத்தி தண்ணியா இருந்தா முதல் 18 நாள் ஈரம் அதிகம். காத்தறை பெரிசா, குஞ்சு சின்னதா, சவ்வு காய்ஞ்சு ஒட்டியிருந்தா ஈரம் பத்தல. விரிசல் போட்டுட்டு அப்படியே நின்னிருந்தா லாக்டவுன்ல காய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த செட்டுக்கு ஒரேயடியா மாத்தாம 5 சதவீதம் மட்டும் ஏத்தியோ இறக்கியோ வைங்க, எடையையும் மறக்காம எழுதி வைங்க.