டெவலப்பரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க

கோயமுத்தூர்ப் பக்கம் புதுசா கேமரா பிலிம் கழுவ ஆரம்பிக்கிற பசங்க கேட்கிற முதல் கேள்வி, "எந்த டெவலப்பர் நல்லதுங்ண்ணா?" நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க குழாய்த் தண்ணி எத்தனை டிகிரிங்க தம்பி?" பதில் வராது. டெவலப்பர்ங்கிறது பிலிமில் பதிஞ்ச படத்தை வெளியே கொண்டு வர்ற மருந்து.

பெட்டியில் போட்டிருக்கும் கழுவற நேரமெல்லாம் பொதுவா 20 டிகிரிக்கு. நம்ம ஊர்ல சித்திரை மத்தியானம் மாடி டேங்க் தண்ணியில் கையை வெச்சா உடனே இழுத்துக்குவோம். ஹெச்பி5ங்கிற கறுப்பு-வெள்ளை பிலிமை ஐடி-11ங்கிற டெவலப்பரில், தண்ணி கலக்காம அப்படியே கழுவினா 20 டிகிரியில் ஏழரை நிமிஷம். 24 டிகிரிக்கு ஏறினா ஐந்து நிமிஷத்தை ஒட்டி வந்துடும். நேரம் அதுக்கும் கீழே போனா படத்துல வானம் திட்டுத்திட்டா வரும், ஏன்னா மருந்து பிலிம் முழுக்க ஒரே சீராப் பிடிக்க நேரமில்லை. அதே ஐடி-11ஐ 1+1, அதாவது ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி, கலந்தா 20ல் 13 நிமிஷம், 24ல் சுமார் 9. வெயில் ஊருக்கு இதுதான் தோது. டி-76ன்னு இன்னொரு டெவலப்பர் இருக்கு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மருந்து. கலந்ததை ஒரு தடவையோட கொட்டிடணும்.

சூடு குறைக்க ஐஸ்கட்டியை மருந்துக்குள்ளேயே போடறவங்க உண்டு. கரையக் கரைய அளவு மாறிப்போகும். ஐஸ் போட்ட வாளிக்குள் பாட்டிலை நிறுத்துங்க, பக்கத்துலயே ஃபிக்ஸரையும் (டெவலப்பருக்கு அப்புறம் படத்தை நிலைக்க வைக்கிற மருந்து) நிறுத்துங்க.

அடுத்தது பழைய மருந்து. பாதி காலியான பாட்டிலில் டி-76 ரெண்டு மாசம்தான் தாங்கும். முட்ட நிரப்பி இறுக மூடினா ஆறு மாசம். ஒரு தடவை, பொள்ளாச்சி மாட்டுச்சந்தையில் எடுத்த ரோலை டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறியிருந்த டி-76ல் கழுவினேன். ரீலைப் பிரிச்சா கண்ணாடி மாதிரி வெறும் பிலிம், கம்பெனி போடற ஓரத்து எழுத்தே நிழலாத்தான் தெரிஞ்சது. இப்பல்லாம் வெளிச்சம் பட்ட நுனித்துண்டை முதலில் மருந்தில் முக்கிப் பார்க்கிறேன். சில நிமிஷத்தில் கறுத்தா ரோலை உள்ளே விடுவேன். எக்ஸ்டால்ங்கிற டெவலப்பருக்கு இந்தச் சோதனை கட்டாயம், அது நிறம் மாறாமலேயே செத்துப்போகும். ரோடினால்ங்கிற டெவலப்பர் நேர்மாறு: கறுகறுன்னு ஆனாலும் வேலை செய்யும். 1891ல் வந்த மருந்து, அந்த உறுதி இல்லாம இருக்குமா! ஆனா வேகமான (குறைஞ்ச வெளிச்சத்துக்கான) பிலிமுக்கு அதைப் போட்டா படத்துல மணல் அள்ளித் தெளிச்ச மாதிரி கிரெய்ன், அதாவது பொடிப்புள்ளி, எழும்பும். எனக்கு அது பிடிக்கும். கல்யாண ஆல்பத்துக்கு ஆகாது. 1+50 கலவையில் 300 மில்லிக்கு 6 மில்லிதான் வேணும், மூடியில் ஊத்திக் குத்துமதிப்பாப் போடாதீங்க. மெடிக்கல் ஷாப் சிரிஞ்சு போதும்.

பவுடர் பாக்கெட்டில் பாதியை மட்டும் கரைக்கிறதும் தப்பு. உள்ளே இருக்கும் உப்புகள் ஒரே சீராக் கலந்திருக்காது. கரைச்சதைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊத்தி ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது, வீட்டில் குழந்தைங்க இருக்காங்க.

பிலிம் கழுவற டேங்கை மோர் கடையற மாதிரி ஆட்டவும் வேணாம். நிமிஷத்துக்கு நாலு தடவை மெதுவாக் கவிழ்த்தா போதும். மீறினா படத்துல வெள்ளைச் சட்டையில் மடிப்பே தெரியாது.

சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுக்குக் கடைசி அலசல் பத்திக் கவலையில்லை. போர் தண்ணியை நம்பியிருக்கிற திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆளுங்க பேட்டரிக் கடையில் ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்குங்க. கடைசி அலசல் மட்டும் அதில். இல்லைன்னா காய்ஞ்சதும் முகத்து மேலயே உப்புப் பூத்திருக்கும்.