முடி வெட்ட மறுக்கும் குழந்தையைப் படிப்படியாகப் பழக்குவது எப்படி?

சலூன் நாற்காலியில் ஏற்றியதும் அலறித் தலையைத் திருப்பிக்கொண்டு, கழுத்தில் கட்டிய துணியைப் பிய்த்தெறியும் குழந்தையைப் பார்த்து, "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்று சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். தொடுதல், ஓசை, வாசனை ஆகியவற்றை மற்றவர்களைவிடக் கூடுதலாக உணரும் குழந்தைக்கு இது அடம் அல்ல. முடிக்கு உணர்ச்சி கிடையாது என்றாலும் ஒவ்வொரு முடியின் வேரைச் சுற்றியும் நரம்பு முனைகள் இருப்பதால், முடி லேசாக அசைந்தாலே அது மூளைக்குத் தெரிந்துவிடுகிறது. நமக்குக் கூச்சமாகக்கூடப் படாத அந்த அசைவு சில குழந்தைகளுக்கு வலியாகவே இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஆட்டிசத்திற்கான வரையறையில், புலன் உணர்வு மிகையாகவோ குறைவாகவோ இருப்பதும் ஓர் அடையாளமாகச் சேர்க்கப்பட்டது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிடமும் இந்தக் கூர்மை இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, குழந்தையால் எதைத் தாங்க முடியவில்லை என்று கண்டுபிடிப்பது. நாம் ஒரே வேலையாக நினைக்கும் முடி வெட்டுதலில், கைப்பிடிகளின் மேல் குறுக்கே போட்ட பலகையில் கால் தரையில் படாமல் உட்காருவது, கழுத்தை இறுக்கும் துணி, முகத்தில் தெறிக்கும் தண்ணீர், காதருகே மிஷினின் இரைச்சல், மண்டை ஓட்டில் பரவும் அதன் அதிர்வு, தலையைப் பிடித்துக் குனியவைக்கும் அந்நியக் கை, பவுடர் வாசனை, அலறும் டிவி, சட்டைக்குள் விழுந்து வியர்வையோடு ஒட்டிக்கொள்ளும் முடித் துணுக்குகள் என்று எத்தனையோ சேர்ந்திருக்கின்றன. எந்தக் குழந்தைக்கும் இவை எல்லாமே ஒரே அளவில் துன்பமாக இருப்பதில்லை. மிக்சி ஓடும்போது காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தைக்கு மிஷின்தான் பிரச்சினையாக இருக்கும். சட்டைக் காலரில் உள்ள லேபிளை வெட்டியெடுத்தால்தான் போட்டுக்கொள்வேன் என்னும் குழந்தைக்குக் கழுத்துத் துணியும் துணுக்குகளும் பிரச்சினை. ஊஞ்சலுக்கும் ஏணிக்கும் பயப்படும் குழந்தை அந்தப் பலகையைக் கண்டே அழலாம். அதைச் சாதாரண நாற்காலியிலோ அப்பாவின் மடியிலோ உட்காரவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு வாரம் வீட்டில் கவனித்து இதையெல்லாம் குறித்துக்கொண்டால், பிறகு செய்யும் எல்லாவற்றுக்கும் அந்தக் குறிப்பு துணை நிற்கும்.

பழக்கத்தை வீட்டில் தொடங்க வேண்டும். பொதுவாக இத்தகைய குழந்தைகளுக்கு லேசான தீண்டலைவிட அழுத்தமான தொடுதல் இதமாக இருக்கும். எனவே தலையை மெல்ல வருடாமல், இரண்டு உள்ளங்கைகளையும் தலையின் மேல் வைத்து, குழந்தை விரும்பும் அளவு அழுத்தி, சில நொடிகள் வைத்திருந்து எடுங்கள். அது பழகிய பின் சீப்பு, பிறகு காதருகே வெறும் கத்திரிக்கோலின் ஓசை, பிறகு நுனியில் ஒரே ஒரு முடி என்று போகலாம். மிஷின் ஓசையைப் போனில் பதிவு செய்து, குழந்தை விளையாடும் அறையில் கேட்டும் கேட்காததுமாக ஒலிக்கவிட்டு, நாளடைவில் கூட்டலாம். முகம் சுளித்தால் முந்தைய அளவுக்கே திரும்பிவிட வேண்டும். அவசரப்பட்டு அடுத்த படிக்குத் தாவினால் பழகியதும் கைவிட்டுப் போகும். போகப்போகும் கடையின் கதவு, நாற்காலி, கண்ணாடி, கடைக்காரர் ஆகியவற்றைப் படமெடுத்து வரிசையாக வைத்து, என்ன நடக்கும், எப்போது முடியும் என்று தினமும் கதையாகச் சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ முடி வெட்டும்போது எடுத்த வீடியோவும் நல்ல உதவி.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் அலங்காரத்தைப் பார்க்க வேண்டாம். எங்கள் வடசென்னையில், கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பார்த்த கடையைவிட, தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ உட்தெருவில் ஒற்றை நாற்காலி போட்டிருக்கும் சின்னக் கடை இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்டக் கூடாதென்று பல வீடுகளில் வழக்கம் இருப்பதால், அந்த நாட்களில் திறந்திருக்கும் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும். உங்கள் வீட்டில் ஆட்சேபம் இல்லையென்றால் காலை பதினொரு மணி வாக்கில் போகலாம். முதல் தடவை வெட்டுவதற்காகப் போகாதீர்கள். நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, கடைக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தால் போதும்.

கடைக்காரரிடம் குழந்தை இல்லாத நேரத்தில் தனியாகப் பேசிவிடுவது நல்லது. "அண்ணே, பையனுக்கு மிஷின் சத்தம் தாங்காது, கத்திரிக்கோல்லயே பண்ணிடுங்க. நடுவுல எழுந்துட்டா அப்படியே விட்டுடலாம், முழுக் காசும் குடுத்துடறேன்" என்று வெளிப்படையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கும் பயம் இருக்கிறது. திடீரென்று அசையும் தலையில் கத்திரிக்கோல் பட்டுவிடுமோ என்ற அந்தப் பயம் நியாயமானது. தண்டையார்பேட்டைக் கடை ஒன்றில் நான் பார்த்த முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. "தம்பி, பத்து எண்ற வரைக்கும்தான் மாமா வெட்டுவேன், பத்து வந்துட்டா கீழ வெச்சுடுவேன், சரியா?" என்று சொன்ன அந்தப் பெரியவர், பத்து வந்ததும் ஒரு வெட்டுகூடக் கூடுதலாக வெட்டாமல், கத்திரிக்கோலைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு வெறுங்கையை விரித்துக் காட்டினார். பையன் அந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்தான். பிறகு தானே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினான். பன்னிரண்டு வரை இழுத்திருந்தால் அந்த நம்பிக்கை வந்திருக்காது.

வெட்டும் நாளில் குழந்தை பசியோடோ தூக்கக் கலக்கத்தோடோ இருக்கக் கூடாது. கடைத் துணிக்குப் பதிலாக அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை முன்பின்னாக மாட்டிவிடலாம். துவரம் பருப்புப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்தால் அந்தக் கனம் சில குழந்தைகளை அமைதிப்படுத்தும். வேண்டாமென்றால் தானே தள்ளிவிடும் அளவு லேசாக இருக்கட்டும். ஸ்பிரேவுக்குப் பதில் ஈரத்துணியால் முடியை நனைக்கலாம், அல்லது குழந்தையே தன் கையில் அடித்துப் பார்த்த பின் தலையில் அடிக்கலாம். காதைச் சுற்றி வெட்டும்போது குழந்தையின் கையாலேயே காதை மடித்துப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். தன் கை அங்கே இருப்பது பயத்தைக் குறைக்கும். காதுமூடும் ஹெட்போன் உச்சியை வெட்டும்வரை உதவும். மிஷின் தவிர்க்க முடியாததென்றால், எண்ணெய் விட்டதாகப் பார்த்துக் கேளுங்கள், கடகடப்பு குறையும். நெடுநேரம் ஓடினால் பிளேடு சூடாவதால், முதலில் கடைக்காரரின் கையிலும் உங்கள் கையிலும் வைத்துக் காட்டிவிட வேண்டும். பின்கழுத்தில் பிளேடு போடுவதும் கடைசியில் பவுடர் பூசுவதும் வேண்டவே வேண்டாம்.

கையையும் காலையும் இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டி முடிப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். அன்றைய வேலை முடியும், ஆனால் அடுத்த முறை அந்தத் தெருமுனையிலேயே குழந்தை நின்றுவிடும். தூங்கும்போது வெட்டிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பாதியில் புரண்டால் ஆபத்து, அதோடு தூக்கத்தின் மீதே பயம் வந்துவிடலாம். இன்று பின்பக்கம், நாளை மறுநாள் இடப்பக்கம் என்று பகுதி பகுதியாக வெட்டுங்கள். சில நாட்கள் தலை கோணலாக இருப்பதால் யாருக்கும் நட்டமில்லை. பள்ளியில் முடி நீளத்தைக் கேட்டால் வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். குழந்தைக்கு ஆட்டிசம் போன்ற நிலை கண்டறியப்பட்டிருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் அதன் தேவைக்கேற்ற நியாயமான வசதியைச் செய்து தரவேண்டும் என்பதையும் அதில் குறிப்பிடலாம்.

வெட்டி முடித்ததும் நேராக வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுங்கள். வழியில் கடைக்குப் போவதெல்லாம் பிறகு.

முடி வெட்டுவதோடு நகம் வெட்டுதல், பல் தேய்த்தல், உடை மாற்றுதல் என்று எல்லாமே போராட்டமாக இருந்தால் அன்றாட வேலைகளுக்குக் குழந்தையைப் பழக்கும் சிகிச்சையாளரான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரைப் பார்ப்பது அவசியம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவில் சொல்லி ஆலோசனை கேட்கலாம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வடசென்னையிலிருந்து அது ஊரின் மறுகோடி.

குலதெய்வக் கோயிலில் மொட்டை அடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால், கூட்டமும் ஈரத் தலையில் கத்தியும் ஒருசேர வருவதால் இதுவரை பழக்கியது போதாமல் போகலாம். பெரியவர்களிடம் முன்கூட்டியே அமர்ந்து பேசி, குழந்தை தயாராகும்வரை வேண்டுதலைத் தள்ளிவையுங்கள், அல்லது பூமுடியாக ஓரிரு கொத்து மட்டும் கொடுப்பதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அந்தக் கொத்தைக்கூட வீட்டில் குழந்தைக்குப் பழகிய கையால், பழகிய கத்திரிக்கோலால் வெட்டி, மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போகலாம்.