மாடியில வெண்டைக்காய்: விதை போடுறதுல இருந்து அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்குற வரைக்கும்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், ரெண்டு செடி மூணு செடின்னு வைக்காதீங்க. வெண்டை கத்தரி மாதிரி இல்ல, இலைக் கணுவுக்கு ஒரு பூன்னு கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே போகும், அதனால ரெண்டே செடி இருந்தா இன்னைக்கு ஒரு காய் நாளைக்கு ஒரு காய், பொரியலுக்குச் சேரட்டும்னு பிரிட்ஜ்ல போட்டு வச்சா மொத காய் வதங்கிப் போயிருக்கும். நாலு பேர் இருக்குற வீட்டுக்கு 10, 12 செடி இருந்தாத்தான் ஒண்ணு விட்டு ஒரு நாள் ஒரு பொரியலுக்கு ஆகுற அளவு கைக்கு வரும். இடம் கொஞ்சம்னா வேற காய குறைச்சுக்கோங்க, இத குறைக்காதீங்க.

ஆடிப்பட்டம் ரொம்ப நல்லா வரும், விட்டுட்டா தை கடைசி, மாசி. ஐப்பசி அடைமழையில போட்டா விதை மண்ணுக்குள்ளயே அழுகும், மார்கழிக் குளிர்ல முளைக்க ரொம்ப நாள் எடுக்கும்.

விதை உங்க இஷ்டம். சிவப்பு வெண்டை, யானைத் தந்த வெண்டைன்னு நாட்டு ரகம் நிறைய கிடைக்குது. அர்கா அனாமிகா பெங்களூர் இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தோட ரகம், மஞ்சள் நரம்புத் தேமல் நோய தாங்கணும்னே உருவாக்குனது. ஹைபிரிட் வாங்குனா அதுல இருந்து விதை எடுத்து திரும்பப் போட்டா அதே மாதிரி வராது, அத மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

விதை தோல் கெட்டி, ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு காலையில எடுத்துடணும், அதுக்கு மேல ஊறவிடாதீங்க. சூடோமோனாஸ் (பூஞ்சை நோய தடுக்குற நல்ல பாக்டீரியா) இருந்தா ஒரு ஸ்பூன் அந்தத் தண்ணியிலயே கலந்துக்கலாம், நாத்து அழுகல் குறையும்.

மண் கலவை எங்க வீட்ல செம்மண் ரெண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் இல்லன்னா நல்லா மக்குன தொழுவுரம் ஒரு பங்கு, செடி வைக்கிற பை ஒவ்வொண்ணுக்கும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. புண்ணாக்கு போட்ட உடனே விதை போடக்கூடாது, தண்ணி தெளிச்சு ஒரு வாரம் பத்து நாள் அப்படியே விடுங்க, சூடு அடங்கணும். பை 12 இன்ச் அகலமும் ஆழமும் இருக்கணும், ஏன்னா வெண்டைக்கு ஆணிவேர் நேரா கீழ இறங்கும். அதனாலதான் ட்ரேயில நாத்து விட்டுப் பிடுங்கி நடுறது இதுக்குச் சரிப்படாது, நேரடியா பையிலயே ரெண்டு ரெண்டு விதையா 2 செ.மீ ஆழத்துல போட்டுடுங்க. தரையில போடுறவங்க வரிசைக்கு 45 செ.மீ, செடிக்கு 30 செ.மீ விடுங்க. நாலஞ்சு நாள்ல முளைச்சிடும். ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டுல எது சுமாரோ அத கத்திரிக்கோலால அடியில வெட்டி விடுங்க, பிடுங்குனா பக்கத்துச் செடி வேரும் ஆடிடும். மனசு வராதுதான், ஆனா ஒரு பையில ரெண்டு செடி விட்டா ரெண்டுமே நோஞ்சானா நிக்கும்.

ஆடிக் காத்து செடிய சாய்க்கும், அதனால ஒரு சாண் வளர்ந்ததும் தண்டுகிட்ட மண்ண அணைச்சு ஒரு குச்சி கட்டிடுங்க. 15 நாளுக்கு ஒரு தடவ லிட்டர் தண்ணிக்கு 30 மில்லி பஞ்சகவ்யா போதும்.

இப்ப முக்கியமான விஷயம், மஞ்சள் நரம்புத் தேமல். இலை மஞ்சளானாலே பயப்பட வேண்டாம், அடி இலை முழுசா பழுத்து விழுந்தா அது சத்துக்குறையா இருக்கலாம், வயசான இலையாவும் இருக்கலாம். ஆனா கொழுந்து இலையில நரம்பு மட்டும் வலை பின்னுன மாதிரி மஞ்சளா தெரிஞ்சா அது வைரஸ், மருந்து கிடையாது, காயும் வெளிறி முத்தலா வரும். அந்தச் செடிய அன்னைக்கே பிடுங்கிடுங்க, காய்ச்சுட்டு இருக்கேன்னு விட்டா வெள்ளை ஈ அதுல உக்காந்து மத்த செடிக்கெல்லாம் கொண்டு போயிடும். வெள்ளை ஈய முன்னாடியே தடுக்கணும்: மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவி செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்க, வாரம் ஒரு தடவ சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய கொஞ்சம் சோப்புக் கரைசல்ல நல்லா கலக்கி இலையோட அடிப்பக்கம் நனையுற மாதிரி அடிங்க, மேல மட்டும் அடிச்சா பிரயோஜனமே இல்ல. காய்ல ஓட்டை தெரிஞ்சா உள்ள புழு இருக்கும், பறிச்சு அழிச்சிடுங்க.

40 நாள் வாக்குல பூ வரும், நடுவுல கருஞ்சிவப்பா வெளிர் மஞ்சள் பூ, அவ்ளோ அழகு, காலையில விரிஞ்சா சாயங்காலம் மூடிக்கும். பூத்து அஞ்சாறு நாள்ல காய் ரெடி, கடையில ஒடிச்சுப் பாப்போமே அதே மாதிரி நுனி பட்டுன்னு ஒடியணும். ஊருக்குப் போயிட்டு நாலு நாள் பறிக்காம விட்டா காய் முத்திடும், செடியும் விதைய வளக்க ஆரம்பிச்சு பூ விடுறத குறைச்சிடும், அதனால முத்துனதையும் வெட்டி எடுத்துடுங்க. சுணை அரிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு கத்திரிக்கோலால வெட்டுங்க.

விதைக்குன்னு நோயே வராத நல்ல செடியில ரெண்டு மூணு காய மட்டும் விட்டு வைங்க. ரெண்டு ரகம் பக்கத்துல பக்கத்துல இருந்தா தேனீ கலந்து விட்டுடும், விதைக்கு விடுற பூவ மொட்டுலயே சின்ன துணிப்பை போட்டுக் கட்டி, காய் பிடிச்சதும் பைய எடுத்துடலாம். காய் செடியிலயே காஞ்சு வரிவரியா வெடிக்கிறப்ப எடுத்து, நிழல்ல ஒரு வாரம் காயவச்சு, சாம்பல் கலந்து பாட்டில்ல போட்டு, மேல ரகத்தோட பேரும் மாசமும் எழுதி ஒட்டிடுங்க.